30,000 ரூபாயில் ஊர் அறிய வேண்டுமென்றால்: செய்தியா, விளம்பரமா, இணையமா?

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், ஒரே வாரத்தில், இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தம் வட்டத்திலுள்ள கண்மாய்களின் வரலாற்றை ஒன்பது ஆண்டுகள் அலைந்து திரட்டி, ஓய்வூதியப் பணத்தில் 500 பிரதிகள் அச்சிட்டு, கட்டுப் பிரிக்காமல் வீட்டு நடையில் அடுக்கி வைத்திருந்தார். மற்றவர் திண்டுக்கல்லுக்கு அருகே ஒரு சிற்றூரில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி என்று மூன்றே பொருள்களைச் செய்து விற்கும் பெண்மணி. இருவரும் விளம்பரத்துக்கென்று எடுத்து வைத்திருந்த தொகை 30,000 ரூபாய். பத்திரிகை, தொலைக்காட்சி, யூடியூப் எல்லாவற்றிலும் உங்களை வரவைக்கிறோம் என்று மொத்தமாக ஒரு திட்டத்தைப் பேசி, அந்தத் தொகை முழுவதையும் கேட்ட தொலைபேசி அழைப்பும் இருவருக்குமே வந்திருந்தது. "கொடுத்துவிடலாமா சார்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். தலைமையாசிரியர் அவ்வளவு நேராகக் கேட்கவில்லை. ஆனால் அவர் மடித்து வைத்திருந்த தாளில் அந்தத் திட்டத்தின் விவரம்தான் இருந்தது.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பதினான்கு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவன். அவற்றில் ஆறு ஆண்டுகள் நூல் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. அந்த மேசைக்கு வந்து சேர்ந்த உறைகளையும், வராமல் போன வாசகர் அழைப்புகளையும் பார்த்தவன் என்ற முறையில், அவர்கள் இருவருக்கும் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிறிய தொகையை வைத்திருப்பவர் அதைச் செய்தி வருவதற்காகச் செலவழிக்கக் கூடாது. செய்தியைப் படித்துவிட்டுத் தேடி வருகிறவர் தம்மைக் கண்டுபிடித்து, கேட்டு, வாங்கிச் செல்வதற்கு வேண்டியவற்றில் செலவழிக்க வேண்டும். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதில் இரண்டு தொழில்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்த ஒரு விதியில் மட்டும் வேறுபாடு இல்லை.

செய்தி, விளம்பரம், செய்திபோல் எழுதப்பட்ட விளம்பரம் என்ற மூன்றையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். 'பேப்பர்ல போடுவது' என்ற ஒரே சொல் மூன்றுக்கும் வழங்குவதால் வரும் குழப்பம் இது. செய்தி என்பது வாசகருக்குத் தேவை என்று ஆசிரியர் குழு கருதி இலவசமாக வெளியிடுவது. அதில் உங்கள் விருப்பப்படி ஒரு சொல்லும் நிற்காது. விளம்பரம் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் இடம். அதில் நீங்கள் எழுதித் தந்ததே வரும். வாசகருக்கும் அது நீங்கள் சொன்னதுதான் என்று தெரியும். இரண்டுக்கும் அவற்றுக்குரிய மரியாதை உண்டு. 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன்பு விளம்பர முகவராக இருந்தவர். ஒரு பத்திரிகை விளம்பரத்தால் வாழ்கிறது என்பதையும், வாசகருக்குச் சுவையான பக்கங்கள் இல்லாவிட்டால் அந்த விளம்பரத்துக்கே விலை இல்லை என்பதையும் ஒருசேர அறிந்திருந்தவர் அவர்.

செய்தி என்ற வழியை எடுத்துக்கொள்வோம். சிறுதொழில் செய்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் 'நான் ஒரு தொழில் செய்கிறேன்' என்பது செய்தி ஆகாது. இன்றைக்கு ஏன் இதை வெளியிட வேண்டும் என்று செய்தி ஆசிரியர் கேட்பார். அதற்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பதில் பெரும்பாலும் உங்களுக்கு வெளியே, ஊரில் நடக்கும் ஒன்றில் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்தபோது, பாக்குமட்டைத் தட்டு செய்தவர்களும் துணிப்பை தைத்தவர்களும் திடீரென்று செய்திக்கு உரியவர்கள் ஆனார்கள். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது அது மறுபடியும் நடந்தது. 2020-இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அத்தகைய தருணங்களே. அப்போதெல்லாம் நிருபர்கள் ஆள் தேடி அலைவார்கள். தேடும்போது கைக்கு எட்டுகிறவரின் பெயர்தான் செய்தியில் வரும். அதற்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் வட்டாரப் பகுதி நேர நிருபரிடம் அறிமுகமாகி, உங்கள் எண்ணை அவருடைய கைப்பேசியில் இருக்கச் செய்திருக்க வேண்டும்.

எல்லோரும் சென்னைப் பதிப்பையும் மாநிலம் முழுவதற்குமான பக்கத்தையும்தான் கேட்கிறார்கள். பொடி விற்பவருக்கு மாவட்டப் பக்கமே மேல் என்று நான் சொல்வேன். 1942-இல் மதுரையில் தினத்தந்தி பிறந்த காலம் தொட்டே தமிழ் நாளிதழ் என்பது டீக்கடைப் பெஞ்சில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும் பொருள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பவர், 'அட, நம்ம வடமதுரைப் பக்கமாச்சே' என்று சொல்லக்கூடிய செய்தி மாவட்டப் பக்கத்தில்தான் வருகிறது. படித்தவர் அன்று மாலையே பேருந்து ஏறி வந்து வாங்கலாம். மாநிலப் பக்கத்தில் வந்தால் கன்னியாகுமரியிலிருந்தும் அழைப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் 200 கிராம் பொடியை அவ்வளவு தூரம் அனுப்ப ஆகும் கூரியர் கட்டணத்தைக் கேட்டதும் அந்த அழைப்பு முடிந்துவிடும்.

மேசையில் ஓர் உறை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். மாலை நான்கு மணிக்குமேல் பக்கங்கள் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு முன் கிடைக்கும் அரைமணி நேரத்தில் அன்றைய தபால்களைப் பார்ப்போம். 'பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கும் நான்கு பக்கக் கடிதங்களில், அனுப்பியவரின் ஊர் மூன்றாம் பக்கத்தில்தான் தெரியவரும். விலை இருக்காது, தொலைபேசி எண் உறையின் பின்புறம் பென்சிலில் இருக்கும். உடன் வரும் புகைப்படத்தில் யாரோ ஒருவர் யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருப்பார். இதற்கு மாறாக, யார், எந்த ஊர், என்ன செய்கிறார், அதில் ஊருக்கு என்ன புதிது, விலை என்ன, எண் என்ன என்ற ஆறு விவரங்களும் முதல் பத்து வரிகளுக்குள் அமைந்து, உரலிலோ வறுசட்டியிலோ கை வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு தெளிவான படத்தோடு வந்த தாள்களை நான் தூக்கிப் போட்டதாக நினைவில்லை. இடமில்லாத நாளில்கூட அவை அடுத்த வாரத்துக்காக இழுப்பறையில் இருந்தன. இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அச்சில் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் வந்து சேரும். இந்தச் சிறு செயலால் மட்டுமே சில படங்கள் பக்கம் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். செய்தி உங்கள் கையில் இல்லை. எப்போது வரும் என்று தெரியாது. வந்த பிறகு திருத்தவும் முடியாது. ஒருமுறை, தேனீ வளர்க்கும் ஓர் இளைஞரைப் பற்றி நானே ஆசையாகச் செப்பனிட்ட செய்தி கால்பக்கத்துக்கு வந்தது. அதில் அவருடைய தொலைபேசி எண்ணில் எட்டு என்பது மூன்றாக அச்சாகிவிட்டது. கவனிக்காமல் விட்டது நான். காலை ஏழு மணிக்கு அவர் அழைத்து, "சார், ஒரு போன்கூட வரலியே" என்றார். வருத்தம்தான் இருந்தது அந்தக் குரலில், கோபம் இல்லை. அதனால் இன்னும் கனமாக இருந்தது. மறுநாள் இரண்டு வரித் திருத்தம் போட்டோம். முதல்நாள் செய்தியைத் தேடி எடுத்து அந்தத் திருத்தத்தோடு பொருத்திப் பார்க்கும் வாசகர் யார் இருக்கிறார்?

எழுத்தாளரின் நிலை வேறு. அவர் மனத்தில் இருப்பது மதிப்புரை. வாரத்துக்கு ஒருமுறை வரும் நூல் பக்கத்தில் விரிவான மதிப்புரைக்கு மூன்று, நான்கு நூல்களுக்குத்தான் இடம் இருக்கும். என் மேசைக்கு ஒரு வாரத்தில் வந்த நூல்களோ இரண்டு அடுக்குகள். எனவே பெரும்பாலான நூல்கள் 'வரப்பெற்றோம்' பட்டியலில் தலைப்பு, ஆசிரியர், விலை, எண் என்ற அளவில் நின்றுவிடும். அதையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். நூலகர்களும் ஆய்வு மாணவர்களும் அந்தப் பட்டியலைக் கத்தரித்து வைத்துக்கொள்வதை அறிவேன். ஆனால் அதை நம்பி 500 பிரதிகள் தீராது.

மதிப்புரைக்குக் காத்திருப்பதைக் காட்டிலும், நூலின் பொருளைப் பற்றி நூலாசிரியரே ஒரு கட்டுரை எழுதித் தருவது பல மடங்கு பயன் தரும் என்பதே என் அனுபவம். மதிப்புரையில் இன்னொருவர் உங்கள் நூலைப் பற்றிப் பேசுகிறார். கட்டுரையில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றை நீங்கள் நேரடியாக வாசகருக்குத் தருகிறீர்கள். கண்மாயைப் பற்றி ஒன்பது ஆண்டுகள் உழைத்தவரிடம் நாளிதழுக்கு வேண்டிய ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் வாரத்தில், அதன் மடையையும் கலுங்கையும் யார் கட்டினார்கள், மடைத்தூணிலுள்ள கல்வெட்டு என்ன சொல்கிறது, தண்ணீரைப் பங்கிட்ட நீர்பாய்ச்சி எந்த முறையில் மடை திறந்தார் என்பதை 600 சொற்களில் எழுதித் தந்தால், அதை மறுக்கும் ஆசிரியர் குழு அரிது. கட்டுரையின் அடியில் 'இவர் இன்ன நூலின் ஆசிரியர். தொடர்புக்கு' என்ற ஒற்றை வரி இருக்கும். அந்த வரிதான் புத்தகத்தை விற்கிறது. கவிதை, சிறுகதை எழுதுவோருக்கு இந்த வழி இவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குச் சிற்றிதழ்களும், நூலகங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் வாசகர் கூட்டங்களும் நாளிதழைவிட நெருக்கமான உதவி செய்யும்.

காலம் பார்ப்பதும் முக்கியம். 1977-இல் அண்ணா சாலையிலுள்ள மதரசா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கி, இப்போது நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் தமிழ்ப் பதிப்புலகம் முழுவதும் நூல் வெளியிடுகிறது. ஜனவரியில் நாளிதழ்கள் நூல்களுக்கு ஆண்டிலேயே அதிக இடம் தருகின்றன. ஆனால் அந்த இடத்துக்குப் போட்டியிடும் நூல்களும் அப்போதுதான் குவிகின்றன. முதல் நூல் எழுதியவருக்கு நான் ஜனவரியைப் பரிந்துரைப்பதில்லை. 2005 முதல் ஆகஸ்டில் நடந்துவரும் ஈரோடு புத்தகத் திருவிழா, 2022 முதல் அரசு மாவட்டந்தோறும் நடத்தும் புத்தகத் திருவிழாக்கள், யுனெஸ்கோ 1995-இல் அறிவித்த ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் ஆகியவை கூட்டம் குறைந்த, ஆனால் செய்தி ஆசிரியருக்குக் காரணம் காட்டக்கூடிய தருணங்கள். சொந்த மாவட்டத்தின் புத்தகத் திருவிழாவில், சொந்த மாவட்டத்தைப் பற்றிய நூலுக்கு உள்ள இடம் நந்தனத்தில் ஒருபோதும் கிடைக்காது.

இனி விளம்பரம். நாளிதழில் இடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள். முதல் பக்கத்துக்கு ஒரு விலை, உள்பக்கத்துக்கு ஒரு விலை, வண்ணத்துக்கு வேறு விலை. 30,000 ரூபாயை ஒரே நாளில், ஒரே பெரிய கட்டத்தில் கொட்டிவிட்டு, மறுநாள் எதுவும் மீதமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். விளம்பரம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால்தான் வேலை செய்யும். அதற்கு வசதியில்லாதவருக்கு வரி விளம்பரமே போதும். அதைவிடவும் பொருத்தமானது, பேப்பர் ஏஜெண்டிடம் கொடுத்து நாளிதழுக்குள் வைத்து அனுப்பும் நோட்டீஸ். எந்தத் தெரு, எத்தனை வீடு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பொடி, எண்ணெய், தையல், டியூஷன் போன்ற அக்கம்பக்கத்துத் தொழில்களுக்கு இந்தப் பழைய வழி இன்றும் கைகொடுக்கிறது. புத்தகத்துக்கு அது பயன்படாது. வாங்கக்கூடிய வாசகர் ஒரு தெருவில் ஒருவர் இருந்தாலே அதிகம்.

மூன்றாவது வகையான விளம்பரச் செய்தியைப் பொறுத்தவரை எனக்குச் சமநிலையான கருத்து இல்லை. பணம் கொடுத்து எழுதப்பட்டதை, 'விளம்பரம்' என்ற குறிப்போடு வெளியிட்டால் அது முறையானது. சில தொழில்களுக்குப் பயனுள்ளதும்கூட. அந்தக் குறிப்பு இல்லாமல் செய்தியின் உடையில் வருமானால் அது வாசகரை ஏமாற்றுவது. 2009 மக்களவைத் தேர்தலை ஒட்டி எழுந்த புகார்களை ஆராய்ந்த இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், 2010-இல் காசுக்குச் செய்தி என்ற பழக்கத்தைப் பற்றி அறிக்கை தந்தது. விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும் என்பது அந்தக் கவுன்சிலின் நெறிமுறை. தேர்தலில் தவறானது ஊறுகாய்க் கடையில் சரியாகிவிடாது. நிருபருக்குக் 'கவர்' வைப்பதும் இதோடு சேர்ந்ததே. கவர் வாங்கி எழுதியவரின் சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பு இருக்காது. அவருடைய செய்தியால் உங்களுக்கும் மதிப்பு வராது. நேர்மையாக உழைக்கும் பகுதி நேர நிருபர்கள், வாங்கும் சொற்ப ஊதியத்தில், அந்தக் கவரை மறுத்துவிட்டு உங்கள் செய்தியை எழுதுகிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை சரியான விவரங்களைத் தருவதுதான்.

வானொலியை இன்று பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது தவறு. திருச்சி வானொலி நிலையம் 1939-இலும் திருநெல்வேலி நிலையம் 1963-இலும் தொடங்கியவை. இந்த நிலையங்களில் உரை, நேர்காணல், நூல் அறிமுகம், வேளாண் நிகழ்ச்சி, மகளிர் நிகழ்ச்சி என்று பேசுவதற்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நிலையத்துக்கு ஒரு கடிதமும் நூலும் அனுப்பி, பேச விரும்பும் பொருளைத் தெளிவாகக் குறிப்பிட்டால் அழைப்பு வர நல்ல வாய்ப்பு உண்டு. பேசுபவர் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் போட்டு வானொலிதான் சன்மானம் தருகிறது. ஆனால் அங்கே பொருளை விற்கும் பேச்சுக்கு இடமில்லை. அறிவை மட்டும் பேசலாம். ஆகவே அது எழுத்தாளருக்கு உரிய இடம். தனியார் பண்பலை நிலையங்கள் இதற்கு நேர்மாறு. விநாடிக் கணக்கில் இடம் விற்கிறார்கள், ஆர்.ஜே. உங்கள் கடைப் பெயரை உற்சாகமாகச் சொல்வார். நகரத்துக்குள் கடை வைத்திருப்பவருக்கு அது உதவும். திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பொடி விற்பவர் மதுரைப் பண்பலையில் பத்து விநாடி வாங்குவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. உள்ளூர் கேபிளில் ஓடும் எழுத்து விளம்பரம் திறப்பு விழாவுக்கும் தள்ளுபடிக்கும் போதுமானது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இணையத்தைப் பற்றித்தான் இருவரும் அதிகம் கேட்டார்கள். யூடியூபில் உணவுக் கடைகளைக் காட்டும் இளைஞர் ஒருவர் வந்துபோன பிறகு, ஒரு சிறிய மெஸ்ஸில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வரிசை நின்றதை நான் நேரில் பார்த்தேன். அந்த மெஸ்ஸில் அண்ணன் பரிமாற, அண்ணி சமைக்க, ஒரே ஓர் உதவியாள்தான். முதல் ஞாயிறே பன்னிரண்டரைக்குக் குழம்பு தீர்ந்துவிட்டது. தண்ணீர் கூட்டி நீட்டிய குழம்பைச் சாப்பிட்டவர்கள் இணையத்தில் குறைசொல்லி எழுதினார்கள். வீடியோ பழசாகிக் கூட்டம் வடிந்த பிறகும் அந்தக் குறைகள் மட்டும் அங்கேயே இருந்தன. தாங்கும் சக்திக்கு மேற்பட்ட விளம்பரம் சிறுதொழிலுக்குக் கெடுதல் செய்யும் என்பதை அந்த அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஆகவே பரப்பளவு பெரிய சேனலைக் காட்டிலும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் பார்க்கப்படும் சிறிய சேனல் மேல்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒருவர் உங்கள் பொருளைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலும், மத்திய அரசு 2023 ஜனவரியிலும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை தண்டம் உண்டு. 'இந்தப் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் போகும்' என்று வீடியோ எடுப்பவர் ஆர்வத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். உறையில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் 14 இலக்க உரிம எண்ணும். கேமரா ஓடும்போதே அதைத் தடுத்துவிட வேண்டும்.

எழுத்தாளருக்கு இணையம் தருவது வேறு ஒன்று. நாளிதழ் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். நூலைப் பற்றிய நாற்பது நிமிட உரையாடல் ஒன்று யூடியூபில் இருந்தால், இரண்டு ஆண்டு கழித்துக் கண்மாய் பற்றித் தேடும் ஒரு மாணவருக்கும் அது கிடைக்கும். நூல்களைப் பற்றிப் பேசும் சிறு சேனல்களை நடத்துபவர்கள் பலர் காசு கேட்பதில்லை. நூலைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். பார்ப்பவர் ஆயிரம் பேராக இருந்தாலும் அவர்கள் வாங்கும் பழக்கமுள்ள ஆயிரம் பேர். நான் எந்தப் பெரிய சேனலையும் இதற்கு மேலாகச் சொல்ல மாட்டேன்.

எஞ்சியிருப்பது மக்கள் தொடர்பு முகவர். நல்ல முகவர்கள் இருக்கிறார்கள். பத்துக் கிளைகள் உள்ள நிறுவனத்துக்கும், பல ஊர்களில் ஒரே நேரத்தில் ஒன்றை அறிவிக்க வேண்டியவருக்கும் அவர்கள் தேவை. இத்தனை பத்திரிகைகளில் செய்தி வரும் என்று முன்கூட்டியே உறுதி கூறுபவரிடம் மட்டும் நெருங்க வேண்டாம். செய்தியை யாராலும் உறுதி கூற முடியாது. உறுதி கூறினால் ஒன்று அது பணம் கொடுத்த பக்கம், அல்லது யாரும் படிக்காத இணையதளம். தலைமையாசிரியரின் தாளிலிருந்த பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். பெரும்பாலானவை எங்கள் இருவருக்குமே பெயர் தெரியாத தளங்கள். கண்மாயைப் பற்றிய நூலை வாங்கக்கூடிய ஒருவர் அவற்றைத் திறப்பதற்குக் காரணம் எதையும் என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இருவரும் அந்தத் திட்டத்தை மறுத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் கார்த்திகையில் தம் ஊர்க் கண்மாய் மறுகால் பாய்ந்த வாரத்தில் கட்டுரை எழுதி அனுப்பினார். ஐந்தாம் நாள் வந்தது. வானொலிக்கும் எழுதிப் போட்டார். பணத்தில் ஒரு பகுதியை மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு பதிப்பகத்தின் அரங்கில் நூலை வைப்பதற்கும், அனுப்பும் செலவுக்கும் ஒதுக்கினார். வட்டத்திலுள்ள மேல்நிலைப் பள்ளி நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி தம் செலவில் கொடுத்தார். பெரும்பகுதிப் பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது. நடையிலிருந்த கட்டுகளில் பாதி குறைந்துவிட்டது.

பொடி செய்யும் பெண்மணி செலவழித்தது வேறு விதம். முதலில் உறையைச் சரிசெய்தார். உரிம எண்ணும் தயாரித்த தேதியும் படிக்கத்தக்க எழுத்தில் வந்தன. கூகுள் வரைபடத்தில் வீட்டைக் காசில்லாமல் பதிவு செய்தோம். அதற்கு முன் தேடினால் பக்கத்துத் தெரு அரிசி மில்தான் வந்தது. 2,000 நோட்டீஸ் அடித்து மூன்று ஊர்ப் பேப்பர் ஏஜெண்டுகளிடம் இரண்டு வார இடைவெளியில் பிரித்துக் கொடுத்தார். மாசி மாதத்தில் கறிவேப்பிலை விலை ஏறிய செய்தியை எழுதிக்கொண்டிருந்த நிருபரிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அவர் வந்து பார்த்து எழுத ஒப்புக்கொண்டார். செய்தி வரும் நாளில் மாவு படிந்த கையோடு அழைப்பை எடுக்க முடியாது என்பதால், ஆர்டருக்கென்று தனியாக ஒரு கைப்பேசி வாங்கி, அதை நாத்தனார் கையில் கொடுத்து, விலையையும் கூரியர் கட்டணத்தையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன். அந்தப் புதிய எண்ணை நிருபருக்குக் கொடுப்பதற்கு முன், தாளில் இருந்ததைப் பார்த்து ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக அழுத்தி, நானே இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் நாத்தனார்தான் எடுத்தார்.